நாள் கேட்கும் சட்டம், கிலோ எழுதும் ஆலை: சேலம் சேகோ ஆலைகளில் கிழங்கு சீவும் பெண்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி, வாழப்பாடி வட்டாரத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில், அரவை எந்திரம் ஓடும் இடத்துக்கு முன்னால் இன்னொரு கொட்டகை இருக்கும். தகரக் கூரை, ஈரச் சிமென்ட் தரை, லாரியிலிருந்து கொட்டிய குச்சிக்கிழங்குக் (மரவள்ளி) குவியல், அதைச் சுற்றிக் குந்தியிருக்கும் பெண்கள். தோல் சீவும் வேலை இங்கே நடக்கிறது. உருளை எந்திரத்தில் தோல் நீக்கும் ஆலைகளிலும், எந்திரம் விட்டுவைத்த தோலைக் கத்தியால் எடுத்துத் தள்ளுவது பெரும்பாலும் பெண்கள்தான்.

எந்திரம் ஓட்டுகிறவருக்கும் கொதிகலன் பார்க்கிறவருக்கும் நாள் கூலி அல்லது மாதச் சம்பளம். சீவுகிறவர்களுக்கு எடைக்குக் கூலி. வேலை நேரம், குழந்தைகள் காப்பகம், பிரசவ உதவி, விடுப்பு, பணிக்கொடை என்று பெண்களுக்காக நூறாண்டுக்கும் மேலாக எழுதப்பட்ட தொழிலாளர் சட்டங்கள் இந்தக் கொட்டகை வாசலில் ஏன் நின்றுவிடுகின்றன என்பதுதான் இங்கே கேள்வி. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சட்டம் ஒவ்வொரு உரிமைக்கும் நாட்களைக் கேட்கிறது. ஆலை கிலோவை மட்டும் எழுதி வைக்கிறது. கிலோ நாளாக மாறிப் பதிவேட்டில் ஏறாதவரை எந்தச் சீர்திருத்தமும் அந்தப் பெண்ணின் கைக்கு வந்து சேராது.

தனி ஓர் ஆலையை இங்கே குறிப்பிடவில்லை. கீழே வரும் கணக்குகளில் உள்ள எடையும் ஆள் எண்ணிக்கையும் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. எந்த ஆலையும் தன் எண்களைப் போட்டுப் பார்க்கலாம்.

கத்தி போகும் விதம்

கிழங்குக்கு இரண்டு தோல். மேலே காகிதம் போல மெல்லிய பழுப்புத் தோல், அதற்கு அடியில் தடித்த உள்தோல். வெள்ளை ஜவ்வரிசிக்கு இரண்டும் போக வேண்டும். தோலோடு அரைத்தால் மாவு பழுப்பேறும். பிறகு அதை வெளுக்க ரசாயனம் தேடும் ஆசை வரும். ஜவ்வரிசியின் வெண்மை இந்தக் கத்தி முனையில்தான் தொடங்குகிறது. ஆனாலும் ஆலையின் கணக்கில் இது 'கைவேலை', 'பொம்பளைங்க வேலை' என்ற வரிசையிலேயே கிடக்கிறது.

முதலில் காம்பையும் வாலையும் வெட்ட வேண்டும். பிறகு நீளவாட்டில் ஒரு கீறல். கத்தியைக் கீறலுக்குள் நுழைத்துத் திருப்பினால், பறித்த அன்றே வந்த கிழங்கில் உள்தோல் சுருளாகக் கழன்று வரும். இரண்டு நாள் கிடந்த கிழங்கில் தோல் சதையோடு ஒட்டிக்கொள்ளும். சுரண்டிச் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரே எடைக்கு நேரம் வெகுவாகக் கூடிவிடும். லாரி தாமதமானதற்கும் விவசாயிக்கும் ஆலைக்கும் இடையே விலை படியாமல் கிழங்கு கிடந்ததற்கும் விலை கொடுப்பவள், அந்தப் பேச்சிலேயே இல்லாத பெண். கிழங்குக்கு மாவுச்சத்துப் 'பாயிண்ட்' பார்த்து விலை போடத் தெரிந்த ஆலை, பழைய கிழங்குக்குச் சீவு கூலியை ஏற்றிப் போடாததற்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை.

எடையை எங்கே போடுகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். 100 கிலோ கிழங்கில் 10 முதல் 20 கிலோ வரை தோலும் காம்புமாகப் போய்விடும். சீவிய பிறகு எடை போட்டால் அந்தக் குறைவு பெண்ணின் கூலியில் விழுகிறது. சீவுமுன் போட்டால் ஆலையின் கணக்கில் விழுகிறது. கிலோவுக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொண்டு, எந்தக் கிலோ என்று கேட்காமல் விடுகிற கூலிப் பேச்சுவார்த்தை பாதிப் பேச்சுவார்த்தைதான்.

உடம்பு படும் பாடு தெரிந்ததே. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் துணியோ சைக்கிள் டியூப் துண்டோ சுற்றியிருந்தாலும் வெட்டுப் படும். நாள் முழுக்க ஈரத்தில் ஊறும் விரலில் நகச்சுத்தி, கால் இடுக்கில் சேற்றுப்புண். குந்தியே இருப்பதால் முழங்காலும் இடுப்பும் போகும். கிழங்கை வெட்டும்போது அதிலுள்ள சயனைடு சேர்மம் பிரியும். தோலில் அது கூடுதல். அதனால் சீவிய தோலை உட்கார்ந்த இடத்திலேயே குவித்து வைக்காமல் அவ்வப்போது அள்ளிப் போட வேண்டும், கொட்டகையில் காற்று ஓட வேண்டும், வெட்டுக்காயத்தோடு வேலை செய்யக் கூடாது, சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குழாயடி கொட்டகைக்குப் பக்கத்திலேயே இருந்தால் கழுவுவார்கள். ஆலையின் மறுகோடியில் இருந்தால் எடைக்கூலிக்காரி நேரத்தை இழந்து நடந்து போக மாட்டாள்.

விடியலுக்கு முன்னால் ஏன் தொடங்குகிறது

ஜவ்வரிசியின் வேலை ஓட்டத்தைப் பின்னாலிருந்து பார்த்தால் காரணம் புரியும். குருணை களத்தில் காய முழு வெயில் வேண்டும். ஆகவே காலையில் களத்தில் இறங்க வேண்டும். அதற்கு முன் மாவுக்கட்டியை உடைத்து, குலுக்கி உருட்டி, சலித்து, வறுக்கவோ ஆவியில் வேகவைக்கவோ வேண்டும். மாவுக்கட்டி கிடைக்க, மாவுப்பால் தொட்டியில் பல மணி நேரம் அசையாமல் நின்று படிய வேண்டும். இரவு அதற்குத் தோதான நேரம். ஆக, அரவை பகலில் முடிந்தாக வேண்டும். அரவைக்கு முன் கிழங்கு கழுவி நிற்க வேண்டும். கழுவுமுன் சீவியிருக்க வேண்டும். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி சீவுகிற பெண் என்பதால் அவள் கோழி கூவுமுன் வந்தாக வேண்டியிருக்கிறது.

கிழங்கின் குணம் இதை இன்னும் இறுக்குகிறது. பறித்த இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக் கறுப்புக் கோடு ஓடி, மாவும் நிறமும் கெடும். ராத்திரி வந்த லாரியை மறுநாளே காலி செய்தாக வேண்டும். எடைக்கூலியும் தன் பங்குக்குத் துரத்துகிறது: முந்தி வந்தவளுக்கு நல்ல கிழங்கு, பிந்தி வந்தவளுக்கு அடிக்குவியல்.

இது தவிர்க்க முடியாத விதி என்று ஆலைத் தரப்பில் சொல்வார்கள். எங்களுக்கு அது ஏற்புடையதாக இல்லை. முந்தின நாள் மாலைக்குள் ஒரு பகுதியைச் சீவித் தண்ணீர்த் தொட்டியில் முழுக மூழ்கவைத்தால் ஓர் இரவு கறுக்காமல் நிற்கும். காலை அரவைக்கு அதை எடுத்துக்கொண்டு, பெண்களை விடிந்த பிறகு வரச் சொல்லலாம். இதற்கு ஒரு தொட்டியும், விவசாயிக்குப் பறிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லும் ஒழுங்கும் வேண்டும். தவறுவது எங்கே என்றால், தொட்டி சிறிதாகி மேல்கிழங்கு வெளியே நீட்டிக்கொண்டு கறுத்துவிடும். அல்லது ஒரு நாளைத் தாண்டி ஊறிப் புளிப்பேறிவிடும். மேலே கனமான சட்டகம் வைத்து அமுக்குவதும், சீவிய நேரத்தைத் தொட்டியில் சாக்குக்கட்டியால் எழுதுவதும் இரண்டையும் தடுக்கும்.

சட்டம் வந்த வழி

1881-ஆம் ஆண்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் வேலை நேரத்தைக் குழந்தைகளுக்கு மட்டும் வரையறுத்தது. 1891-இல்தான் பெண்களுக்கு நாளுக்கு 11 மணி நேரம் என்ற உச்சவரம்பும், நடுவே ஒன்றரை மணி நேர ஓய்வும் வந்தன. 1918-இல் சென்னையில் மெட்ராஸ் லேபர் யூனியன் என்ற தொழிற்சங்கம் தொடங்கியது. பிரசவ உதவிக்குப் பம்பாய் 1929-இல் சட்டம் செய்தது. சென்னை மாகாணம் 1934-இல் செய்தது.

சேகோவுக்கு வேண்டிய பாடம் 1934-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் இருக்கிறது. அது ஆலைகளை இரண்டாகப் பிரித்தது: ஆண்டு முழுக்க ஓடுபவற்றுக்கு வாரம் 54 மணி, பருவ ஆலைகளுக்கு 60 மணி. பருத்தி அரவை, கடலை உடைப்பு, காபி, தேயிலை, சர்க்கரை எல்லாம் பருவப் பட்டியலில். 'சீசனில் விட்டால் பிடிக்க முடியாது' என்ற வாதத்துக்குச் சட்டமே இடம் கொடுத்தது. சேலத்தில் சேகோ உற்பத்தி 1943-இல், போரால் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்ற காலத்தில் தொடங்கியது. ஐந்தே ஆண்டில், 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பாகுபாட்டை நீக்கி எல்லாருக்கும் வாரம் 48 மணி, நாளுக்கு 9 மணி, கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. சட்டத்திலிருந்து போன பருவ வாதம் கொட்டகைப் பழக்கத்திலிருந்து போகவில்லை.

பெண்கள் மாலை 7 முதல் காலை 6 வரை வேலை செய்யக் கூடாது என்ற 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 66-ஆம் பிரிவுத் தடையை 2000-இல் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது. பாதுகாப்பும் போக்குவரத்தும் பெண்கள் குழுவாக இருப்பதும் நிபந்தனைகள். கம்பெனி வேனில் போய் வருகிறவர்களுக்கு இந்தத் தீர்ப்பு ஒரு கதவைத் திறந்தது. அதிகாலை 4 மணிக்குத் தெருவிளக்கில்லாத வண்டிப்பாதையில் நடந்து வரும் கிழங்குக்காரிக்கு வேன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவள் வரும் நேரம் எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால் கேட்கவும் வழியில்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் திருத்த மசோதா தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தையொட்டித் திரும்பப் பெறப்பட்டது. எடைக்கூலிக் கொட்டகைகளில் அந்த 12 மணி நேரம் மசோதா இல்லாமலேயே நடக்கக்கூடியது.

ஒரே சீட்டில் இரண்டு பேர்

நாள் தொலையும் இடம் எடைச்சீட்டு. மாமியாரும் மருமகளும், அல்லது அக்காவும் தங்கையும் ஒரே குவியலில் உட்கார்ந்து சீவுவார்கள். எடை போடும்போது, "எல்லாம் எங்க அத்தை பேர்லயே போட்டுருங்க" என்று சொன்னால் வேலை முடிந்தது. கூலி குறையாது, வீட்டுக்குப் போகிற பணம் அதேதான். ஆனால் மருமகள் அன்று வேலைக்கு வரவில்லை என்று ஆகிவிடுகிறது. மேஸ்திரி பெயரில் மொத்த எடையும் ஏறி, அவர் சனிக்கிழமை பிரித்துக் கொடுக்கும் இடங்களில் ஒரு பெண்ணின் பெயர்கூட இருக்காது.

ஒரு கணக்கு. அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதம், மாதம் 22 நாள் வேலை என்றால் ஒருத்திக்கு 132 நாள். இருவர் மாறி மாறி ஒரே சீட்டில் ஏறினால் ஆளுக்கு 66. பிரசவ உதவிச் சட்டம் கேட்பது 80. இரண்டு பெண்களும் முழுப் பருவமும் உழைத்திருக்கிறார்கள். இருவருக்குமே உதவி கிடைக்காது. ஒருத்தி பெயரிலேயே எல்லாம் ஏறினாலோ, அனேகமாக அது மாமியார் பெயராக இருக்கும். பிரசவம் மருமகளுக்கு.

குறைந்தபட்சக் கூலியும் இப்படியே நழுவுகிறது. எடைக்கூலிக்காரருக்கும், அந்த வேலைக்கு நாள் கணக்கில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். சோதிக்க வேண்டுமானால் மாதக் கூலியை நாட்களால் வகுக்க வேண்டும். வகுக்கும் எண்ணே எழுதப்படாதபோது எதை வகுப்பது?

ஜனவரியில் பிள்ளை பிறந்தால்

80 நாள் என்பது, பிரசவம் எதிர்பார்க்கும் தேதிக்கு முந்தைய 12 மாதத்துக்குள் வேலை செய்த நாட்கள். சீட்டு ஒழுங்காக இருந்தாலும், பருவ வேலையில் பிள்ளை பிறக்கும் மாதம் உரிமையைத் தீர்மானித்துவிடுகிறது. ஆகஸ்டில் பிரசவம் என்றால் முந்தைய அக்டோபர்–மார்ச் முழுவதும் கணக்கில் வரும்: 132 நாள், கவலையில்லை. ஜனவரி 20 என்று தேதி கொடுத்தால், முந்தைய ஆண்டு ஜனவரி 20-இல்தான் கணக்கு தொடங்கும். அங்கிருந்து மார்ச் இறுதி வரை சுமார் 51 நாள். அடுத்த பருவம் அக்டோபரில் தொடங்கும்போது அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. குந்தி உட்கார முடியாது. 51-லேயே நின்றுவிடும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. கிழங்கு வரத்து இல்லாமலோ எந்திரம் பழுதாகியோ வேலை கொடுக்காமல் திருப்பி அனுப்பிய நாட்கள், முறைப்படி வேலை நிறுத்தி வைப்பாக (லே-ஆஃப்) அறிவித்துப் பதிவாகியிருந்தால் 80-இல் சேரும். கூலியோடு விடுமுறை அறிவித்த நாட்களும் சேரும். கொட்டகை வாசல் வரை வந்து திரும்பிய நாளை எழுதி வைப்பது வீண்வேலை அல்ல.

இரண்டாவது வழி இஎஸ்ஐ எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. 10 பேரோ அதற்கு மேலோ இருக்கும் ஆலைக்கு அது பொருந்தும். பெயர் சொல்லி விலக்கிய பருவ ஆலைகளின் பட்டியலில் காபி, சர்க்கரை, தேயிலை உண்டு, ஜவ்வரிசி இல்லை. இஎஸ்ஐ பார்ப்பது பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தை அல்ல. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்ற சந்தாக் காலங்களை. ஜனவரி முதல் ஜூன் வரை வரும் பிரசவத்துக்கு, முந்தைய செப்டம்பரில் முடிந்த காலமும் அதற்கு முந்தைய மார்ச்சில் முடிந்த காலமும் சேர்ந்து 70 நாள் சந்தா இருந்தால் போதும். மேலே சொன்ன ஜனவரித் தாய்க்கு முந்தைய பருவத்தின் 132 நாளும் அப்படியே கைகொடுக்கும். அங்கே கைவிட்டது இங்கே கிடைக்கிறது. ஒரே நிபந்தனை: சந்தா அவள் பெயரில், அவளுக்குரிய எண்ணில் போயிருக்க வேண்டும்.

உதவியின் அளவு 26 வாரக் கூலி. இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே இருந்தால் 12 வாரம். பிரசவ உதவிச் சட்டத்தில் எடைக்கூலிக்காரருக்கு ஒரு நாள் கூலியைக் கணக்கிட, விடுப்புக்கு முந்தைய மூன்று காலண்டர் மாதத்தில் வேலை செய்த நாட்களின் சராசரியைப் பார்ப்பார்கள். வயிறு கனத்து வேகம் குறைந்த மாதங்கள் அவை. சராசரி தாழ்ந்தாலும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்பதைக் கணக்கரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

லாரி எடையிலிருந்து ஆளை எண்ணுவது

1948-ஆம் ஆண்டுச் சட்டம் 50 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1976-இல் அதை 30-க்கு மேல் என்று குறைத்து, ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்தது. அதன் பிறகு பதிவேட்டில் 30-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் ஆசை வருவது இயல்பு.

ஆனால் கிழங்கு பொய் சொல்லாது. எடைமேடைச் சீட்டில் அன்று உள்ளே வந்தது 14,000 கிலோ என்று இருக்கட்டும். அதே ஆலையின் சீவு சீட்டுகளில் ஒருவர் சராசரியாக 400 கிலோ சீவுகிறார் என்று இருக்கட்டும். 35 கை வேண்டும். பதிவேட்டில் 22 பெயர் என்றால் மீதி 13 பேரின் வேலையை யார் செய்தார்கள்? ஆய்வாளரோ சங்கமோ யாரையும் தனியாகக் கூப்பிட்டுச் சாட்சி கேட்க வேண்டியதில்லை. சாட்சி சொன்னவளுக்கு மறுநாள் வேலை போகும் பயமும் இல்லை. எடைமேடைச் சீட்டு, கொள்முதல் புத்தகம், சீவு கூலி வவுச்சர் மூன்றையும் ஒரே வாரத்துக்கு எடுத்து வைத்தால் போதும். ஒரு நாளுக்கு மட்டும் பார்த்தால் ஏமாற வாய்ப்புண்டு. முந்தின நாள் மீந்த கிழங்கு கணக்கைக் குலைக்கும்.

2025 நவம்பர் 21-இல் பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றுசேர்த்த நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் நடைமுறைக்கு வந்து எண்கள் மாறின. மின்சாரம் பயன்படுத்தும் இடம் 'தொழிற்சாலை' ஆக 10 பேருக்குப் பதில் 20 பேர் வேண்டும். ஆனாலும் 10 பேர் வேலை செய்யும் நிறுவனம் தொகுப்புக்குள்தான் வருகிறது. காப்பகத்துக்கு 30 பெண்கள் என்பது போய், ஆண் பெண் சேர்த்து 50 தொழிலாளர் என்றாகிவிட்டது. 35 பெண்களும் 10 ஆண்களும் இருக்கும் ஆலை முன்பு உள்ளே, இப்போது வெளியே. சேகோ போன்ற தொழிலுக்கு இது பின்னடைவு என்றே கருதுகிறோம். ஒரே சாலையில் நாலைந்து ஆலைகள் இருக்கும் ஊர்களில் பொதுக் காப்பகம் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. காப்பகம் 9 மணிக்குத் திறந்து, வேலை 5 மணிக்குத் தொடங்கினால் பிள்ளை கொட்டகைக்குத்தான் வரும். அங்கே கத்தியும் வழுக்கும் தரையும், நாலடி தள்ளி மூடியில்லாத மாவுத் தொட்டியும் இருக்கின்றன.

தொகுப்பில் வரவேற்க வேண்டியவை இரண்டு: ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கட்டாயம், ஆண்டு விடுப்புக்கான தகுதி 240 நாளிலிருந்து 180 ஆனது. ஆனால் 132 நாள்காரிக்கு 180-உம் எட்டாது.

சீட்டில் என்ன இருக்க வேண்டும்

ஆளுக்கு ஒரு சீட்டு, இரண்டு படி. வந்த நேரம், போன நேரம், சீவுமுன் எடை, கிழங்கு புதுசா பழசா, கிலோ விலை, தொகை, கையெழுத்து. படி ஒன்று அவளிடம். கார்பன் தாள் வைத்த சாதாரண பில் புத்தகம் போதும். குடும்பமாகச் சீவுகிறவர்களுக்குக் கூடை தனித்தனியாக வேண்டும். இல்லாவிட்டால் சீட்டு பிரிந்தாலும் எடை பிரியாது. முதல் சில நாள் எடைமேடையில் வரிசை நீளும், முணுமுணுப்பு வரும், மேஸ்திரி பழைய முறைக்கே திருப்பப் பார்ப்பார். எடை போடுபவருக்கு ஓர் உதவியாளரைக் கொடுத்தால் வரிசை கரையும்.

தாழ்ந்த பலகையும், கிழங்கு வைக்க இடுப்பு உயரத் தொட்டியும் கொடுத்த இடங்களில் பெண்கள் மறுபடி தரையில் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று குறை சொல்வதுண்டு. பழகும்வரை கை வேகம் குறையும், எடைக்கூலி உடனே குறையும். பழகும் நாட்களுக்கு நாள் கூலி கொடுத்தால் பலகையில் உட்காருவார்கள்.

பணிக்கொடைக்கும் இதே சீட்டுதான் ஆதாரம். பருவ நிறுவனமாக இருந்தால், ஆலை ஓடிய நாட்களில் 75 விழுக்காடு வேலை செய்த பருவம் தொடர்பணியாகும். ஒவ்வொரு பருவத்துக்கும் 7 நாள் கூலி. ஆலை ஆண்டு முழுவதும் ஓடுவதாக இருந்தால் 240 நாள் கணக்கு வரும், ஆண்டுக்கு 15 நாள் கூலி. ஆகவே கேட்குமுன், ஆலை எத்தனை நாள் ஓடியது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மின்கட்டண அட்டையும் கிழங்குக் கொள்முதல் புத்தகமும் அதைச் சொல்லும். இதற்குப் பொதுவாக ஐந்தாண்டுப் பணி தேவை. ஈரக் கொட்டகையில் முந்தானையில் முடிந்த தாள் ஐந்து பருவம் தாங்காது. சீட்டை மாதம் ஒருமுறை போனில் படம் எடுத்து வைப்பது நல்லது. கூலி அவளுடைய வங்கிக் கணக்கிலேயே ஏறினால் வரவுப் பதிவு இன்னும் வலுவான சான்று. மேஸ்திரி கணக்கில் மொத்தமாக ஏறிய பணம் எந்தப் பெண்ணுக்கும் சான்றாகாது.